பீலிக்குப் பின்னால் பூசாமல் விட்ட சுவர்

ஹனீபா நானா போனில் கூப்பிட்டபோது நான் யட்டவத்தயில் ஒரு கடைச் சுவருக்குக் கடைசிப் பூச்சு இழுத்துக்கொண்டிருந்தேன். என் பூச்சைப் பற்றி நானே சொல்லக்கூடாது. ஆனாலும் அதே யட்டவத்தயில் ஒரு சலூன்காரர் நான் பூசிக்கொடுத்த சுவரில் முகம் தெரிகிறது என்று கண்ணாடி வாங்காமலே வெகுகாலம் தொழில் நடத்தினார். "பாஸ், ராத்தா மௌத்தாகிட்டா. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்," என்றார் நானா. பாஸ் என்றால் மேசன், அதாவது நான். ராத்தா என்றால் அவருடைய அக்கா, நமது ஸஹ்ரா மிஸ். ஈரச் சுவரில் மத்தியான வெயில் மினுங்கியது. அதற்குள்ளே யாரோ குடை பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து தூரம் போவதுபோல் எனக்குத் தெரிந்தது. கையில் சிமெந்தோடு மாத்தளை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மிஸ்ஸை அறிந்தவர்களுக்கு அவர் வீட்டில் நத்தைப் போத்தல்கள் அடுக்கிய கண்ணாடி அலுமாரியும் தெரிந்திருக்கும். கொழும்பில் ஒரு நூதனசாலையில் காட்சிக்கும் ஆராய்ச்சிக்கும் வைத்த நத்தைகளைப் பார்த்துக்கொள்கிற உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்று, மாத்தளைக்கே திரும்பி வந்தவர். நான் அவர் குசினிச் சுவரைக் கட்டப் போனவன். ஒன்பதாம் வகுப்பு வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். இருந்தாலும் இந்த மாவட்டத்தில் என் கை படாத சுவர் இல்லை. சீகிரியாவில் அந்தக் காலத்து ராஜா என்னைக் கூப்பிட்டிருந்தால் உச்சியில் இருந்த மாளிகைக்குக் கூரையும் மிஞ்சியிருக்கும் என்று முதல்நாளே அவரிடம் சொன்னேன். மிஸ் சிரிக்கவில்லை. "அப்ப மழைத்தண்ணி போற வழியை என்னா செஞ்சிருப்பீங்க பாஸ்?" என்று கேட்டார். என் பேச்சை அவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

அந்த நாட்களில்தான் எல்கடுவ தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், லயத்து வரிசைவீட்டுச் சனம் குளிக்கிற, மலைத்தண்ணி விழுகிற பீலிக்குக் குழாய் மாற்றப் போனேன். பீலிக்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்துக் கல்சுவர் ஒன்று இருக்கிறது. சாந்து வைக்காமல் கல்மேல் கல் அடுக்கியது. ஒரு மூலையைப் பிரித்தபோது பாசிக்குள்ளே சின்னச் சின்னதாய் நத்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. மலையிலிருந்து மூடுபனி இறங்கி அந்தக் கல்லிடுக்கிலேயே குடியிருந்ததுபோல அவற்றுக்கு ஒரு நிறம், பாலும் அல்ல, புகையும் அல்ல. சோற்றுப் பெட்டியைக் கழுவி, பாசியோடு அள்ளிக்கொண்டு மிஸ்ஸிடம் போனேன். அவர் கையில் லென்ஸை எடுத்தவர்தான், அடுப்பில் தேத்தண்ணி வற்றிப்போகும்வரை நிமிரவில்லை.

"இதுக்கு இன்னும் பேர் இல்ல பாஸ்," என்றார் கடைசியில்.

இந்தச் செய்தி மறுநாள் எல்கடுவ தேத்தண்ணிக் கடையில் இருந்தது. நத்தை சாதிக்காய் அளவு என்றும், என்னைக் கண்டதும் தலையைத் தூக்கிப் பார்த்தது என்றும், அதற்கு என் பெயரைத்தான் வைக்கப்போகிறார்கள் என்றும் கடையில் பேசிக்கொண்டார்கள். யார் சொன்னது என்று நீங்கள் கேட்கத் தேவையில்லை. உண்மையில் அது மிளகளவு. பேச்சு எப்படியோ மாத்தளைக்கும் போய்விட்டது.

"சாதிக்காய் அளவுன்னு சொன்னீங்களாமே?"

"மழையில நனைஞ்சு ஊதியிருக்கும் மிஸ்."

"கதையில எவ்வளவு வேணும்னாலும் ஊதட்டும். லேபல்ல ஊதக்கூடாது."

லேபல் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. புதிய இனத்துக்குப் பெயர் வைக்கிறவர்கள் காற்றில் பெயர் வைப்பதில்லையாம். கிடைத்ததில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, இதுதான் என்று அதன்மேல் பெயரைக் கட்டிவிடுவார்கள். அதற்கு டைப் என்று பெயர். எங்கே எடுத்தது, யார் எடுத்தது என்று எழுதி நூதனசாலையில் பத்திரமாக வைப்பார்கள். நாளைக்கு எவருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒன்றிடம்தான் வந்து கேட்கவேண்டும். "அப்ப வீடு கட்டுறப்ப நாங்க அடிக்கிற முதல் முளைக்குச்சி மாதிரி," என்றேன். "வீடு பெருசானாலும் சிறுசானாலும் அளவு அங்கேருந்துதான்." மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அதேதான் பாஸ்," என்றார். அந்த இரண்டு சொல்லுக்கும் நான் ஒரு வாரம் தரையில் கால் படாமல் நடந்தேன்.

ஆனால் அவர் தெரிந்தெடுத்ததோ என் மேசன் கரண்டி பட்டு ஓரம் உடைந்த ஒன்றை. எனக்குப் பொறுக்கவில்லை. "ஒலகத்துக்கே காட்டப்போறீங்க, ஒடைஞ்சதையா வைப்பீங்க? இந்தா, இதைப் பாருங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு."

"அது இன்னும் குஞ்சு பாஸ். இதுக்குத்தான் ஓட்டு வாய்விளிம்பு தடிச்சிருக்கு, உள்ள பல்லு மாதிரி மேடு முழுசா வந்திருக்கு. டைப்புன்னா அழகுப் போட்டி இல்ல. சாட்சி. சாட்சிக்குக் காயம் இருந்தா என்னா?"

கொதித்து ஆறிய, காற்றில்லாத தண்ணீரை ஒரு போத்தல் நிறைய ஊற்றி, அந்த ஓரம் உடைந்த நத்தையை உள்ளே விட்டார். மூடுவதற்கு முன் உதட்டுக்குள் இறைவன் பெயரால் என்று பிஸ்மி சொன்னார். நத்தை மெல்ல ஓட்டைவிட்டு வெளியே வந்தது. கொம்பு நீண்டது. எதையோ யோசிப்பதுபோல் தண்ணீரில் நின்று, அப்படியே தூங்கிப்போனது, பிறகு எழும்பவில்லை.  நான் பேசாமலிருந்த ஒரே பின்னேரம் அதுதான் என்றால் என் மனைவி இன்றும் நம்ப மறுக்கிறாள்.

பிறகு இடம் எழுதவேண்டும்.

"சீகிரியான்னு போடுங்க மிஸ். பெரிய எடம். எல்கடுவ பீலிக்குப் பின்னாலன்னா யாருக்குத் தெரியும்?"

"சீகிரியாவுக்குப் போய்த் தேடுறவனுக்கு இது கெடைக்குமா?"

"கெடைக்காது. ஆனா சீகிரியாவையாவது பார்த்துட்டுப் போவான்ல."

மிஸ் சிரித்த சிரிப்பில் அலுமாரிப் போத்தல்கள் கிலுங்கின. சிரித்து முடித்துவிட்டு உள்ளபடியே எழுதினார். பெயரும் என்னுடையது கிடைக்கவில்லை. சுவரைச் சேர்ந்தது என்று லத்தீனில் ஒரு பெயர். இந்தப் பக்கத்தில் சுவர் என்றால் யார் நினைவுக்கு வருவார் என்று எனக்குத் தெரியும், ஆகவே நான் மேலே பேசவில்லை.

சில வருஷங்கள் கழித்து மிஸ்ஸுக்கு நெஞ்சுவருத்தம் வந்தது. அதே சமயத்தில் வெளிநாட்டுப் படிப்பாளி ஒருவர், இது புது இனமே இல்லை, வேறு மலையில் முன்பே பெயர் வைத்த நத்தைதான், பல்லில் தெரிகிற வித்தியாசம் வயதால் வந்தது என்று எழுதிவிட்டார். அது சரியென்றால் பழைய பெயர் நிற்கும், மிஸ் வைத்த பெயர் விழும். சரியா பிழையா என்று பார்க்க, டைப் எடுத்த அதே இடத்தில் குஞ்சும் கிழடுமாக உயிருள்ள நத்தைகள் வேண்டும். அந்த இடத்திலோ கல்சுவர் வயிறு தள்ளி நின்றது. அதை உடைத்துவிட்டுச் சிமெந்துச் சுவர் எழுப்பும் வேலை வேறு யாருக்குக் கிடைக்கும், எனக்குத்தான் கிடைத்திருந்தது.

மிஸ் ஆட்டோவில் வந்து இறங்கினார். மூடுபனி. குடையின் கீழ் ஒரு கல்லில் உட்காரவைத்தோம். லயத்துப் பேச்சியம்மா குடத்தை இடுப்பில் வைத்தபடியே கேட்டாள்: "நத்தைக்குச் சொவரு வேணும், சரி. புள்ளைங்க தலையில அது விழுந்தா யாரு மிஸ் பொறுப்பு?"

நான் வாயைத் திறந்தேன். மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். "அவங்க சொல்றது சரி பாஸ். மனுஷர் குளிக்கிற எடம். நீங்க கட்டுங்க." பிறகு தணிந்த குரலில், "பேர் விழுந்தா விழட்டும். நத்தைக்குத் தன் பேர் தெரியாது," என்றார். சொல்லும்போது அவர் பீலியைப் பார்க்கவில்லை, பாசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வீட்டுக்கு அத்திவாரம் போட்ட எனக்கு அந்த முகத்தைத் தாங்க முடியவில்லை.

குண்டுநூலை எடுத்துச் சுவர் முழுக்கப் பிடித்துப் பார்த்தேன். வயிறு தள்ளியது பீலிக்கு நேர் பின்னால் மட்டும். அதற்கு அப்பால், கை இரண்டையும் விரித்த அளவில் இரண்டு பாகம் நீளம், கல் அசையவில்லை. "பேச்சியக்கா, நீங்க குளிக்கிற எடம் முழுக்கச் சிமெந்து. அந்தப் பக்கம் இந்த ரெண்டு பாகம் மட்டும் எனக்கு விடுங்க. அது விழுந்தா என் தலையில விழட்டும்." அவள் அந்தக் கல்லை ஒரு உதை விட்டுப் பார்த்தாள். அசையவில்லை. "ஒங்க தலைதானே, கல்லுக்குத்தான் சேதம்," என்று குடத்தோடு போய்விட்டாள். பிரித்த பகுதியின் பாசிக் கற்களை ஒவ்வொன்றாக, பாசி வெளியே தெரிய, அந்த இரண்டு பாகத்தின்மேல் நானே அடுக்கினேன். சாந்து தொடவில்லை. குடையின் கீழிருந்து மிஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். பனி அடிக்கடி வந்து அவரை மறைத்தது, பிறகு திருப்பித் தந்தது.

அந்த மழைக்காலம் முழுக்க நத்தைகள் அங்கே வந்து தங்கின. மிஸ் குஞ்சும் கிழடுமாகச் சிலதை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய், உடைந்த வாயோடு இருந்த அந்தப் பழைய சாட்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எல்லா வயதிலும் பல் அந்த மற்ற மலை நத்தையினுடையது போல இல்லை, வேறுதான். "பேர் நிக்குது பாஸ்," என்று போனில் சொன்னார். சத்தம் சின்னதாக இருந்தது. அதுதான் நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு.

அடக்கத்தில் நானும் மண் போட்டேன். தலைமாட்டில் ஒரு மீசான் கட்டை மட்டும் நட்டார்கள். மாபிள் பதித்துக் கட்டித்தரட்டுமா என்று நானாவிடம் கேட்கத்தான் நினைத்தேன். அந்தக் கட்டையைப் பார்த்ததும் லேபலில் ஊதக்கூடாது என்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது, கேட்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு வரிதான். மேற்பிரிவுப் பீலிக்குப் போகிறவர்கள், இவ்வளவு நேர்த்தியான சிமெந்துச் சுவர் ஏன் அந்த இடத்தில் நின்றுவிட்டது, பாஸுக்குச் சாமான் தீர்ந்துபோச்சா என்று கேலி பேசுவார்கள். அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஆயிரம் கதை இருக்கிறது. ராஜா வருவார், பாம்பு வரும், வெள்ளைக்காரத் துரை மண்டியிடுவார். ஆனால் அங்கே நின்று யாராவது கேட்டால் மிஸ் லேபலில் எழுதியதையே சொல்கிறேன்: எல்கடுவ, மேற்பிரிவு, பீலிக்குப் பின்னால் கல்சுவர், பாசிக்குள். எடுத்தவர் முத்துவேல்.

அளவு கேட்டால் மிளகைக் காட்டுகிறேன்.