கடலுக்கு முடி வெட்டியவர்

பத்துமலைக்குக் களை என்றால் ஆகாது. செமோர் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் களையெடுப்பு ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். ரப்பர் நிரைகளுக்கு நடுவே துடைத்துவிட்டதுபோல் வெறும் தரை தெரிய வேண்டும். அதுதான் அவருக்கு அழகு, ஒழுக்கம், ஏறக்குறைய பக்தி. தோட்டம் கைமாறி ஈப்போவுக்குக் குடிவந்த பிறகும், வாசலில் முளைத்த அருகம்புல்லைப் பிள்ளையாருக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை.

மனைவி போன பிறகு, பாகான் டத்தோ பக்கம் கடலோரத்தில் இருந்த மகள் கலாதேவியிடம் வந்து சேர்ந்தார். அவளுக்கு அங்கே ஒரு வீடும் அதைச் சுற்றிக் கொஞ்சம் தென்னையும். தென்னைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மண்கரை. அதற்கு அப்பால் சேறு. சேற்றில் கோணல்மாணலாக, வேரெல்லாம் வெளியே தெரிய, பாக்காவ் என்று அங்குள்ளவர்கள் சொல்லும் அலையாத்திச் செடிகள் மண்டிக் கிடந்தன. யாரும் நடாமல் முளைத்தது எதுவானாலும் பத்துமலைக்கு அது களைதான்.

மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட மனம் ஒப்பவில்லை. தண்ணீர் வற்றும் நேரமெல்லாம் பாராங் கத்தியுடன் இறங்கினார். சில வாரங்களில் வாசலிலிருந்தே கடல் தெரிந்தது. நல்ல காற்று வந்தது. கலாதேவியும் மகிழ்ந்துதான் போனாள்.

முறையிட்டவர் சந்தியில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஜைனுலாப்தீன் ஒருவர்தான். அவர் கடைக்கு நண்டு அந்தச் சேற்றிலிருந்துதான் போகும்.

“அண்ணே, கடலுக்கு முடி வெட்டி விட்டுட்டீங்க. இனி நண்டை நான் சலூன்லதான் தேடணும் லா.”

ஒளிய இடம் இல்லாவிட்டால் நண்டு பிடிப்பது சுலபம்தானே என்று பத்துமலை பொறுமையாக விளக்கினார்.

வருஷக் கடைசியில் கடல் ஏறியது. அது அங்கே புதிதல்ல. ஆனால் முன்பெல்லாம் அலை செடிகளுக்குள் புகுந்து திணறி, கரைக்கு வரும்போது கிழடாகியிருக்கும். இம்முறை பத்துமலை திறந்துவிட்ட வழியில் இளசாகவே வந்தது. மண்கரை சரிந்தது. உப்புத் தண்ணீர் தென்னைக்குள் தேங்கி, அடுப்படி வரை எட்டிப் பார்த்தது. இன்னொரு முறை இப்படி ஏறினால் வீடு நிற்காது என்பது எல்லாருக்கும் புரிந்தது.

பத்துமலை உடனே நாற்று வாங்கி வந்தார். கயிறு பிடித்து நிரை நிரையாக நட்டார். அலை வந்து தூக்கிப் போனது. மறுபடி நட்டார், மறுபடி போனது. இதற்கிடையே கடலே கொண்டுவந்து போட்ட விதைகள் கேட்பாரற்று முளைத்து, அசையாமல் நின்றன. நாற்றுக்கு இடைஞ்சல் என்று அவற்றை அவர் பிடுங்கிக்கொண்டிருந்தபோது கலாதேவி கரைமேல் வந்து நின்றாள்.

“அப்பா, இந்த வீடு நிக்கணும்னா நீங்க ஒண்ணும் செய்யாதீங்க. ஒண்ணுமே.”

வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த வேலைகளிலேயே கடினமானது அதுதான். ஆனாலும் செய்தார். கரைமேல் நாற்காலி போட்டு, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, களை வளர்வதைக் காவல் காத்தார். சில வருஷங்களில் செடிகள் ஆளுயரம் ஆயின. சேறு மேடிட்டது. நண்டு திரும்பியது, ஜைனுலாப்தீன் ஒரு தட்டு நண்டுப் பிரட்டல் அனுப்பினார், காரம் போதாது என்றார் பத்துமலை. நிரை பிடித்து நடத் தெரியாத கடலை மட்டும் கடைசிவரை அவர் மன்னிக்கவில்லை.

போன மாசியில் காலமானார். அஸ்தி கரைக்க வந்த உறவினர்கள் செடிகளைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். கடலுக்கு நாலடி அகலத்தில் ஒரு வழி வெட்டிவிடலாம் என்றார் சித்தப்பா ராமையா. அண்ணன் இருந்திருந்தால் அரை மணியில் வெட்டிக் கொடுத்திருப்பார் என்றும் சொன்னார்.

“ஒரு கிளையும் வெட்டக் கூடாது சித்தப்பா. அதுக்குப் பின்னாலதான் நான் குடியிருக்கேன்.”

தொடையளவு சேற்றில், வேர்களைப் பிடித்துப் பிடித்து அவளே போனாள். கடல்வரை போக முடியவில்லை. பாதியிலேயே கலசத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் ஏறி வந்தது. வேர்களுக்கிடையே சுற்றியது. சாம்பலை அங்கேயே படியவிட்டு இறங்கியது.