விமர்சகரைப் பற்றிப் படம் எடுத்தேன், விமர்சனமும் வாங்கினேன்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாதம். நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊர். ஆடியில் இங்கே கல்யாணம் அபூர்வம். கல்யாணம் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை, ஏனென்றால் நான் கல்யாண வீடியோ எடுப்பவன்.

துபாயில் பன்னிரண்டு வருடம் ஒரு கடையில் நின்றுவிட்டு, ஊர் திரும்பி ஸ்டுடியோ வைத்தேன். எந்த மதத்துக் கல்யாணமாக இருந்தாலும் 'பாயைக் கூப்பிடு' என்று சொல்லும் அளவுக்குப் பெயர் வாங்கிவிட்டேன். என் வீடியோவில் எல்லோரும் அழகாக இருப்பார்கள். மாமியார்கள் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். பந்தியில் நடந்த தகராறு, கோபித்துக்கொண்டு பஸ் ஏறிய சித்தப்பா, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்ட நாத்தனார், எதுவும் இருக்காது. எல்லாவற்றையும் எடிட்டிங்கில் வெட்டி எறிந்துவிடுவேன். அதைத் தொழில் சுத்தம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

ஆடிக்கு முந்தின மாதம், குவைத்தில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் போன் செய்தார்கள். "பாய், நம்ம அக்காவோட வாழ்க்கைய ஒரு படமா எடுத்துக் குடுங்க. நம்ம ஊரு மண்டபத்துலயே எல்லாருக்கும் போட்டுக் காட்டுங்க. நாங்க போன்ல பாத்துக்குறோம்" என்றார்கள்.

அக்கா என்றால் எங்கள் பக்கத்தின் சினிமா விமர்சகர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஊரே அக்கா என்று கூப்பிடுவதால் நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். நடவு வேலைக்குப் போகிறவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டவர். ஆனால் வெள்ளிக்கிழமை ஒரு படம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிடுவார். மறுநாள் காலை வயலில் குனிந்து நட்டுக்கொண்டே, கூட வேலை செய்யும் பெண்களுக்குக் கதையையும் சொல்லி, தீர்ப்பையும் சொல்வார்.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனதும், "நீ படம் சொல்றதக் கேக்காம எனக்கு வேலையே ஓடல" என்று புலம்பியிருக்கிறார். அவருக்காக அனுப்பிய முதல் வாய்ஸ் நோட் கை மாறிக் கை மாறி, இன்றைக்குச் சிங்கப்பூர், குவைத் வரைக்கும் போகிறது. நல்ல படம் என்றால் 'மணி'. மோசம் என்றால் 'பதர்'. மேலே பார்க்க நெல் மாதிரி இருந்து, நகத்தால் நசுக்கினால் உள்ளே பாதி காலியாக இருந்தால் 'கருக்காய்'. பார்த்த அன்றைக்கே தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தும் மனசில் நிற்கிறதா என்று பார்ப்பாராம்.

பெரிய நடிகர், சின்ன நடிகர் என்ற பாகுபாடெல்லாம் அவரிடம் கிடையாது. ஒரு படத்தில் கதாநாயகி நாற்று நடுவதைப் பார்த்துவிட்டு, "அவ முன்னாடி நடந்துக்கிட்டே நடுறா. நாம பின்னாடி போய்ல்ல நடுவோம்? நட்டதயெல்லாம் அவளே மிதிச்சிட்டுப் போறா. அந்த வயலு வெளங்குமா?" என்று அவர் கேட்டதைச் சொல்லிச் சொல்லி டீக்கடையில் ஒரு வாரம் சிரித்தோம்.

இப்படிப்பட்டவரைப் பற்றிப் படம் எடுக்கக் கேட்டால் விடுவேனா? கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பட்டுப்புடவை கட்டச் சொன்னேன். வரப்பில் மூன்று தடவை நடக்க வைத்தேன். மேலே டிரோன் பறந்தது. கொக்குகள் பயந்து பறந்தன, அதையும் விடாமல் எடுத்தேன். அக்கா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"நடிக்க வந்தவ டைரக்டர் சொல்றதக் கேக்கணும் பாய். விமர்சனம் அப்புறம்" என்றார். நானும் சிரித்துவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போனேன். புத்தி இருந்திருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பேன்.

அவரைப் பற்றி இருபது பேருக்கு மேல் பேசினார்கள். எல்லோரும் புகழ்ந்தார்கள், இரண்டு பேரைத் தவிர. ஒருவர் டவுன் தியேட்டர் மேனேஜர். "அந்தம்மா வாயத் தொறந்தா எனக்கு ஈவினிங் ஷோ காலி" என்று அரை மணி நேரம் பொரிந்து தள்ளினார். இன்னொருவர் அக்காவோடு ஒரே வரிசையில் நின்று நடுகிற தோழி. முகத்துக்குப் பவுடர் போட்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், வாயைத் திறந்ததும் திட்ட ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். எப்போதோ வந்த ஒரு படத்தில் ஒரு தாய். பிள்ளைகளுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, வடித்த கஞ்சியைத் தான் குடித்துவிட்டுப் படுப்பாள். அந்தப் படத்தை அக்கா பதர் என்று சொல்லிவிட்டார். தோழியின் அம்மா அப்படியே வாழ்ந்து செத்தவர். படம் பார்த்து அழுதுவிட்டு வந்த தோழி, பக்கத்தில் நின்று நட்டுக்கொண்டே ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை. கடைசியில் அக்கா தனியாகப் போய் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தார். மறுநாள் வாய்ஸ் நோட்டில், "படம் பதரில்ல. நான்தான் அன்னைக்கு எரிச்சலோட போயி சரியாப் பாக்கல. தப்பு என்னுது" என்று எல்லோருக்கும் சொன்னார்.

தோழி இதைச் சொல்லி முடித்தபோது கேமராவை நிறுத்தவே எனக்கு மறந்துபோனது. ஆனாலும் பழக்கம் விடுமா? நல்ல நாளும் அதுவுமாகத் திட்டு எதற்கு, தப்புச் செய்த கதை எதற்கு என்று இருவரையும் முழுசாக வெட்டினேன்.

மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் போட்டோம். கூட்டமென்றால் கூட்டம், நிற்க இடமில்லை. வெளியே சொல்லவில்லையே தவிர, எனக்குள் ஓர் ஆசை இருந்தது. கல்யாண வீடியோக்காரன் என்ற பெயர் போய், படம் எடுத்தவன் என்று ஊர் சொல்ல வேண்டும். அதற்கு அக்கா வாயால் 'மணி' என்று வந்தாக வேண்டும். அவரைப் பற்றிய படத்துக்கே அவர் அதைச் சொல்லாமலா இருப்பார்?

படம் முடிந்ததும் கைதட்டல் அள்ளியது. ஆனால் தோழி யாரிடமும் பேசாமல், டீ கூடக் குடிக்காமல் வெளியேறிவிட்டார். "என் தலையவே காணுமே பாய்" என்றார் தியேட்டர் மேனேஜர். நேரம் பத்தவில்லை என்று சமாளித்தேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்து, "நாளைக்குச் சொல்றேன் பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாய்ஸ் நோட் வந்தது. மனைவியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சத்தமாகப் போட்டேன்.

"நேத்து ஒரு படம் பாத்தேன். என்னைப் பத்தின படம்தான். அதுல வர்ற பொம்பள ரொம்ப நல்லவ. தப்பே பண்ண மாட்டேங்குறா. வர்றவங்க போறவங்கல்லாம் அவளப் புகழ்றாங்க. பாதிப் படத்துக்குள்ள எனக்கே அவளப் புடிக்காமப் போச்சு. பட்டுப்புடவையக் கட்டிக்கிட்டு வரப்புல எங்க போறான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. கேமரா அழகு, பாய் கை சுத்தம். ஆனா கருக்காய்."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எட்டு மணிக்குள் அது குவைத் வரை போய்விட்டது. டீக்கடைக்குப் போனால் மாஸ்டர், "பாய், டீ முழு கிளாஸா, கருக்காய் போதுமா?" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பைக்கை நேராக வயலுக்கு விட்டேன்.

எங்கள் கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் வந்து சேரத் தாமதமாகும் என்பதால் ஆடியிலும் நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்று கத்தினேன். நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்துதானே வருவார்கள்? நான் கத்தியதெல்லாம் என்னை நோக்கி வந்துகொண்டிருந்த எட்டு முதுகுகளிடம்.

"உங்களுக்காகத்தானேம்மா பதினஞ்சு நாளு வெயில்ல அலைஞ்சேன்? ஊரு முன்னாடி இப்படியா மானத்த வாங்குறது?"

அக்கா நிமிர்ந்து திரும்பினார். "வேற யாரு எடுத்திருந்தாலும் நான் இதத்தான பாய் சொல்லியிருப்பேன்? உங்களுக்காக மணின்னு சொல்லிட்டா, நாளைக்கு நான் எத மணின்னு சொன்னாலும் யாரு நம்புவாங்க?"

 அதற்குள் தோழி இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "எம் பேச்ச ஏன் பாய் வெட்டுனீங்க? கொடவாசல்லேருந்து எங்கக்கா பஸ்ஸு ஏறி வந்துச்சு, என்னைப் படத்துல பாக்க!"

"நீங்க திட்டித்தானேம்மா பேசுனீங்க? இவங்க மனசு நோகக் கூடாதுன்னு..."

"இவ என்னைத் திட்டாத நாளு இருக்கா பாய்?" என்றார் அக்கா. "நான் தப்புன்னு ஒத்துக்கிட்டத இவதான உங்ககிட்ட சொன்னா? அன்னைக்கி அத வாய்விட்டுச் சொல்லப் போயிதான் என் பேச்ச இத்தன பேரு நம்பிக் கேக்குறாங்க. என் வாழ்க்கையில நான் பெருமப்படுறது அது ஒண்ணுதான். அதப் போயி வெட்டிட்டீங்களே பாய்."

சொல்லிவிட்டு அவர் மறுபடியும் நடவுக்குக் குனிந்துகொண்டார்.  கோபமாக வந்தவன், என்ன செய்வதென்று தெரியாமல் கரையில் கட்டுக்கட்டாகக் கிடந்த நாற்று முடிகளில் நாலை எடுத்து வயலுக்குள் வீசிவிட்டு வண்டியை எடுத்தேன். நாலும் தப்பான இடத்தில் விழுந்தன என்று பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

வீட்டில் மனைவியிடம் புலம்பினேன். அவள் மீனை ஆய்ந்துகொண்டே, "நீங்க எடுத்த ஒரு கல்யாணத்துலயும் சண்டையே இல்ல. நாம சாப்பிடப் போற கல்யாணத்துல மட்டும் எப்படித்தான் நடக்குதோ!" என்றாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மத்தியானமே வெட்டிப் போட்டதையெல்லாம் திறந்து உட்கார்ந்தேன். மேனேஜர் திட்டும்போது அவர் முகத்தில் அக்கா மேல் இருந்த பிரியம் அப்போதுதான் தெரிந்தது. தோழி பேசியதை ஒரு வரி விடாமல் கேட்டேன். பட்டுப்புடவைக் காட்சிகளைத் தூக்கினேன். டிரோனில் ஒரே ஒரு ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டேன், ஆசை யாரை விட்டது! படம் மொத்தத்தையும் திரும்பக் கோத்து முடிக்க ஒன்பது நாள் ஆனது.

ஆடி முடிவதற்குள் அதே மண்டபத்தில் மறுபடியும் போட்டோம். முதல் தடவையைவிடக் கூட்டம் அதிகம். நான் இரண்டாவது முறையும் கருக்காய் வாங்குவதைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருப்பார்கள். மேனேஜர் திரையில் பொரிந்தபோது மண்டபம் அதிர்ந்தது. திரையில் தோழி வந்ததும், கொடவாசலிலிருந்து மறுபடியும் வந்திருந்த அவருடைய அக்கா எழுந்து நின்றே பார்த்தார். திரையில் தோழி ஏதோ சொல்ல, நாற்காலியில் இருந்த தோழி, "அது இல்ல, அதுக்கு முன்னாடி இவ இன்னொண்ணு சொன்னா!" என்று தன்னோடு தானே சண்டைக்குப் போனார். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கஞ்சி குடித்த தாயின் கதை வந்தது. அக்கா தப்பை ஒத்துக்கொண்ட அந்தப் பழைய குரல் பதிவையும் சேர்த்திருந்தேன். அது ஓடியபோது தோழி கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். இருட்டில் நான் மட்டுமா அழுதேன் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்காவின் குரல் வந்தது.

"இந்தத் தடவ படத்துல வர்ற பொம்பளைக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. அவ சொல்றதுல பாதி எனக்கு ஒத்து வரல, நேர்ல பாத்தா நானே ரெண்டு திட்டு திட்டுவேன். ஆனா அவள எனக்கு நல்லாத் தெரியும். நம்ம ஊருக்காரிதான். படம் மணி. அந்த டிரோன மட்டும் யாராச்சும் பாய்கிட்டேருந்து புடுங்கி வைங்க."

வாசலில் நின்று கேட்ட நான், ஐம்பத்தைந்து வயதில், தெருவென்றும் பார்க்காமல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குதி குதித்தேன். என் மனைவி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளே இழுத்தாள்.

இரண்டு குரல் பதிவுகளும் இன்னும் என் போனில் இருக்கின்றன. 'மணி' என்றதைக் கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வேலையை முடித்துக் கொடுப்பதற்கு முன்னாலும் நான் போட்டுக் கேட்பது 'கருக்காய்' என்றதைத்தான்; கல்யாண வீடியோக்காரனான என்னை, ஒரு படம் எடுத்தவனாக முதன்முதலில் மதித்துப் பேசிய குரல் அது.