பசை மாமாவின் இடப்பக்கம்

எங்கள் பழ மண்டியில் என் அக்கா வீட்டுக்காரருக்குப் ‘பசை’ என்று பெயர். தர்பூசணியை வீசினால் கையில் ஒட்டிக்கொள்ளும். லாரியிலிருந்து கிடங்கு வரை வரிசையாக நிற்போம். நான் வீசுவதை மாமா பிடித்து, வலப்பக்கம் நிற்பவனுக்கு வீசுவார். அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பழம் இடப்பக்கம் காற்றில் வந்துகொண்டிருக்கும். அதற்குள் தலையைத் திருப்பத் தெரியாதவனுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

அந்த மனிதருக்குத்தான் மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. கை, கால், நாக்கு எல்லாம் தப்பின. இடப்பக்கப் பார்வை மட்டும் போயிற்று. கண்ணில் கோளாறு இல்லையாம். பின்மண்டையில், ‘பார்த்தேன்’ என்று உணர்கிற இடம் கெட்டுவிட்டதாம். இடப்பக்கம் கதவு இருந்தால் தோளை இடித்துக்கொள்வார், நாற்காலி இருந்தால் முட்டியை.

அதைவிடக் கொடுமை என் அக்கா. தெருவையே வாயால் ஆண்ட மகராசி அவள். தன் வாய்தான் புருஷனைப் படுக்கவைத்தது என்று அவளாகவே முடிவுகட்டி, “ஏங்க, தண்ணி வேணுங்களா?” என்று குழைய ஆரம்பித்தாள். கேட்க எனக்கே பயமாக இருந்தது. மாமா பேச்சையே குறைத்துக்கொண்டார்.

ஒருநாள், “அந்த வேலை இனி நமக்கு இல்லடா, விட்டுடு” என்றார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. துண்டைச் சுருட்டி அவர்மேல் விட்டெறிந்தேன். இடப்பக்கம் நின்று எறிந்தது பிறகுதான் உறைத்தது. மாமா வெடுக்கென்று தலையைத் திருப்பி, லபக்கென்று பிடித்தார்.

“மாமா, இத்தனை நாளா நடிக்கிறீங்களா?”

“எதுடா?” என்றவர், கையில் இருந்த துண்டைப் பார்த்து முழித்தார். “சத்தியமா அது வந்ததை நான் பாக்கலடா.”

டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் மாமாவுக்கு இடப்பக்கம் விரலை ஆட்டினார்.

“தெரியுதா?”

“இல்லம்மா.”

“சரி, சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க. மேலயா, கீழயா?”

மாமா சலித்துக்கொண்டே சொன்னார். பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது.

“நடுமூளையோட கூரையில ரெண்டு சின்ன மேடு இருக்கு,” என்றார் டாக்டரம்மா. “எலி, பூனை, நாம, எல்லாருக்கும் உண்டு. கண்ணுலேருந்து அதுக்குத் தனி வழி. வர்றது என்னன்னு அதுக்குத் தெரியாது, எந்தப் பக்கம் அசையுதுன்னு தெரியும். உடனே கண்ணையும் கழுத்தையும் திருப்பிவிடும். இவருக்கு அது நல்லா இருக்கு. ஆனா எப்பவும் கைகொடுக்கும்னு நம்பிடாதீங்க. உத்து உத்துத் தேடினா சொதப்பிடும்.”

“அப்ப இவ்ளோ வருஷமும் எலி மூளையிலதான் பழம் பிடிச்சாரா?” என்றேன். பழைய அக்காவாக இருந்தால் காதைத் திருகியிருப்பாள். இவளோ, “அப்படிச் சொல்லாதடா” என்றதோடு சரி.

மேஸ்திரியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “ஒரே ஒரு லோடு. பிடிச்சா அவர் இடம் அவருக்கு. இல்லேன்னா வீட்டோட இருக்கட்டும்” என்று இறங்கிவந்தார்.

அன்று மண்டியே மூச்சுவிடாமல் நின்றது. அக்கா கிடங்கு வாசலில், மாமாவுக்கு வலப்பக்கம், கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான் சின்னப் பழமாகப் பார்த்து வீசினேன். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு, தெரியாத இடத்தில் எதையோ தேடினார். பழம் காலடியில் விழுந்து சிதறியது. அடுத்ததும் அப்படியே. மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார்.

“யோவ்!”

அக்காதான். “பிடிக்கச் சொன்னா மரமாட்டம் நிக்கிற? வீட்டுல கதவை இடிச்ச, நாற்காலியை இடிச்ச, இப்ப ஊரான் பழத்தையும் உடைக்கிறியா?”

மாமா அவள் பக்கம் சீறினார். “நடுவழியில நாற்காலியப் போட்டது யாருடி?”

நான் சட்டென்று வீசினேன். வாய் அவளிடம் இருக்க, கழுத்து தானாக என் பக்கம் திரும்பியது. பழம் அவர் கையில்!

“நான்தான் போட்டேன், அதுக்கென்ன இப்போ?”

“போட்டுட்டு என்னையே சொல்றியா?”

அடுத்ததும் கையில். “அக்கா, நிறுத்திடாதீங்க!” என்று லாரிமேல் இருந்தவன் கத்தினான். வரிசை முழுக்கச் சிரிப்பு. ஒன்றிரண்டு நழுவத்தான் செய்தன. மேஸ்திரி அப்போதெல்லாம் வானத்தைப் பார்த்தார். லாரி காலியானதும், “நாளைக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க” என்றார்.

கத்திக் கத்தி அக்காவுக்குக் குரல் கம்மிவிட்டது. மாமா கடைசிப் பழத்தை நெஞ்சோடு அணைத்தபடி அவளையே பார்த்தார்.

“இத்தனை நாளா எங்கடி போயிருந்த?”