தெருமுனையில் நின்றுபோன பேஞ்சோ

போன மாதம் பெண்ணாடத்தில் என் மச்சினிச்சி மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மினி லாரியில் ஆளுயர ஸ்பீக்கர்களை ஏற்றி டி.ஜே. செட் கொண்டுவந்திருந்தார்கள். வந்த அதிர்வில் பந்தலில் வைத்திருந்த தாம்பூலத் தட்டு தானாக நகர்ந்தது. தெருமுனைக்கு வந்ததும் ஜெனரேட்டர் நின்று, சத்தம் பொசுக்கென்று அடங்கியது. கரும்புகை மட்டும் வாசல்வரை வந்தது.

புகை என்றால் எனக்கு உடனே சூளை ஞாபகம். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். அங்கே அச்சில் வேலை பார்த்த பஷீர் பாய் புல்புல்தாரா வாசிப்பார். டைப்ரைட்டர் மாதிரி கட்டைகள் வைத்த தந்தி வாத்தியம், எங்களுக்கு அது பேஞ்சோ. விரலில் எப்போதும் வெள்ளை மண் ஒட்டியிருக்கும் என்பதால் கட்டைகளும் வெள்ளையாகவே இருக்கும். டோலக்குக்கு ஒருவர், ஆர்மோனியத்துக்கு ஒருவர். ஷிப்டு முடிந்தால் டீக்கடை பெஞ்சுதான் மேடை.

ஊருக்கு ஊர் வாசிப்பு மாறும். நல்லூர்க்காரர்கள் ஒரு பாட்டை ஆரம்பித்தால் நாம் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அதே பாட்டில்தான் இருப்பார்கள். வேப்பூர் ஹைவே ஊரல்லவா, எந்த பஸ்ஸில் எந்தப் பாட்டு போகிறதோ அது மறுநாள் அவர்கள் கையில் இருக்கும். பெண்ணாடத்துக்காரர்களுக்கு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற அவசரம், எல்லாமே ஓட்டம். "நம்மளுது நிதானம். தாளத்துக்கு மூச்சு வுடணும்ல" என்பார் பாய். நாங்களும் உலகத்திலேயே சரியான வாசிப்பு எங்களுடையதுதான் என்று நம்பினோம்.

அந்த நம்பிக்கையோடுதான் என் கல்யாணத்துக்குப் பெண்ணாடம் போனோம். மாப்பிள்ளை நான். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் பெண் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். எங்கள் பக்கம் பெண் வீட்டுத் தெரு வந்ததும் வாசிப்பை நிறுத்திவிடுவோம். அவர்கள் வந்து அழைத்த பிறகுதான் மறுபடி ஆரம்பம், அது மரியாதை. பெண்ணாடத்தில் வாசித்துக்கொண்டே வாசல்வரை போக வேண்டும், வாசலில் கேட்டால்தான் ஆரத்தித் தட்டு வெளியே வரும். ஒருவர் வழக்கம் மற்றவருக்குத் தெரியாது.

பாய் நிறுத்தினார். நின்றோம். யாரும் வரவில்லை.

"ஒரு சொம்பு தண்ணி நீட்ட நாதி இல்ல. திருப்புங்கடா வண்டிய!" என்று என் தாய்மாமா துண்டை உதறினார். உள்ளேயோ, "மாப்ள முறுக்கிக்கிட்டு நிக்கறாரு, பைக்கு கேக்கறாங்க போலருக்குது" என்று என் மாமனார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாராம். எனக்கு வியர்த்து நெற்றிச் சந்தனம் மூக்குக்கு இறங்கியது. கல்யாணம் அவ்வளவுதான் என்றே நினைத்தேன். மணி நாலே கால்.

அப்போது மொட்டைமாடியில் கல்யாணப் பெண் தெரிந்தாள். பூவும் நகையுமாகக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தெருவுக்கே கேட்கக் கத்தினாள்:

"வாசிங்களேன்! எவ்ளோ நேரம் நிக்கறது? கால் வலிக்குது!"

என் மனைவி என்னைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அதுதான். பஷீர் பாய் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு நிதானத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டுப் பெண்ணாடத்து ஓட்டத்தில் பிடித்தார் ஒரு பிடி! ஆரத்தித் தட்டு ஓடி வந்தது.

பாய் பிறகு சவுதி போனார். டோலக்கும் ஆர்மோனியமும் ஆளுக்கொரு பக்கம் போயின. இப்போது நல்லூர், வேப்பூர், பெண்ணாடம் எல்லாவற்றுக்கும் ஒரே இடி.

போன மாதக் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டோடு நின்ற என் மனைவி, அடங்கிப்போன தெருமுனையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"போயி வாசிக்கச் சொல்லுங்களேன்."

போய்த்தான் பார்த்தேன். லாரியில் ஒரு டிரைவரும் ஒரு பென்டிரைவும்தான் இருந்தார்கள்.