அப்பாவுக்குத் தனி டம்ளர் தேவைப்படவில்லை

ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொன்று இருபது. செங்கல்பட்டு மருத்துவமனையில் அப்பாவின் சிறுநீர்ப்பைக்குள் புற்றுநோய் மருந்தின் முதல் தவணையைச் செலுத்திவிட்டு, செவிலியர் எங்களிடம் பேச வந்தார்.

"இது பிசிஜி. டிபி தடுப்பூசியில இருக்கிற அதே கிருமிதான். பலம் குறைச்சது, ஆனா உயிரோட இருக்கும்" என்று ஆரம்பித்தார்.

"டிபியா?" என்று கேட்ட சித்தப்பா, எழுந்து வெளியே போய்விட்டார். மீதியை அவர் கேட்கவில்லை. எல்லாம் தவறிப்போனது அந்த நிமிடத்தில்தான்.

மீதியை இப்போதாவது எல்லோரும் படியுங்கள். மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க வேண்டும். பிறகு ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்தே சிறுநீர் கழிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கழிப்பறையில் பிளீச்சிங் கரைசலை ஊற்றி, கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எரிச்சல் இருக்கும், காய்ச்சல் ஏறினாலோ விடாமல் அடித்தாலோ உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். அவ்வளவுதான்.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. பயத்தில் கேட்டதையே கேட்டேன். "தாத்தா மடியில உக்காரலாம்மா, ஒரே தட்டுல சாப்பிடலாம். பாத்ரூம்ல மட்டும் ஜாக்கிரதையா இருங்க" என்றார் செவிலியர்.

அப்பா மாமல்லபுரத்துக்கு உள்ளே ஒரு சிற்றூரில், கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். லாரி கிளீனராகச் சேர்ந்து, ஓட்டக் கற்று, பிற்காலத்தில் சிறுசேரிக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டினார். அந்தச் சம்பளத்தில்தான் என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். பதினாறு வயதில் ஒரு டீக்கடையில் நம் ஆட்களுக்கென்று தனியாக வைத்திருந்த கிளாஸில் டீ கொடுத்தபோது, குடிக்காமல் திரும்பி வந்தவர். அன்று கூடவே திரும்பி வந்தவர் சித்தப்பா.

இரண்டாவது தவணை முடிந்த வாரம் அப்பா சித்தப்பா வீட்டுக்குப் போனார். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். அப்பாவுக்கு மட்டும் பிளாஸ்டிக்.

"கொழந்தைங்க கீற வூடு மாமா, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றார் சித்தி. சித்தப்பா தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"டீ வாணாம்மா" என்று அப்பா எழுந்து வந்துவிட்டார்.

மூன்றாவது தவணைக்கு அவர் வரவில்லை. நான் குடியிருக்கும் ஊரப்பாக்கத்திலிருந்து ஓடி வந்து கெஞ்சினேன், கத்தினேன்.

"இத்த போட்டுக்கினு ஊர்ல தனி கிளாஸ் வாங்கிக்கவா? அத்த நான் பதினாறு வயசுலயே வாணான்ட்டேன்" என்றார்.

அடுத்த சோதனையில் கட்டி தசைக்குள் இறங்கியிருந்தது. ஆறு தவணையும் முடித்திருந்தால் நிச்சயம் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொல்லவில்லை. ஒரு நல்ல வாய்ப்பு போய்விட்டது என்றார். அந்த வாய்ப்பை நோய் பறிக்கவில்லை. ஒரு டம்ளர் பறித்தது. அப்பா போய் ஓர் ஆண்டு ஆகியும் எனக்கு ஆறவில்லை.

இதைச் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டே எழுதுகிறேன். "எழுதும்மா, நான் பண்ணதுதான" என்றார்.

எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காத அந்தச் செவிலியரையும், கடைசிவரை ஆட்டோவில் அப்பாவைத் தாங்கிப் பிடித்து ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டு அண்ணனையும், அப்பா இருந்த வீட்டில், அவர் சாப்பிட்ட அதே பாத்திரத்தில் எங்களோடு சாப்பிட்ட உறவினர்களையும் எங்கள் குடும்பம் மறக்காது.

அப்பா இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், அம்மா கொடுத்த டீயில் இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பிடித்தபடி படுத்திருந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சித்தப்பா.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாடா?" என்றார் அப்பா.

சித்தப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மா டீ போட எழுந்ததும் கையைக் காட்டித் தடுத்தார். பிறகு அப்பாவிடம் கையை நீட்டினார்.

"அண்ணாத்த, மிச்சம் கீறத இப்பிடி குடு."