பாயிண்ட்டில் பறந்தவர்கள்

கிரெடிட் கார்டில் சேரும் பாயிண்ட்டுகளை விமான டிக்கெட்டாக மாற்றிக் கொடுப்பது என் தொழில். இப்படியும் ஒரு தொழில் இருக்கிறது என்பதை டோம்பிவிலியில் என் பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் நம்பவில்லை.

செம்பூர் ஸ்டேஷனுக்கு அருகில், மாடியில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸ். கணேசன் சார் முதலாளி, நான் மெர்சி, ஒரே ஊழியர். பாயிண்ட்டோடு வருகிறவர்களால் கமிஷன் கிடைக்காது என்று சார் அவர்களை என் மேஜைக்குத் தள்ளிவிட்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. "உங்கள் பாயிண்ட்டுகள் காலாவதியாகப் போகின்றன" என்று போனில் மெசேஜ் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் திருதிருவென்று விழித்திருக்கிறீர்கள் அல்லவா? நீங்கள் எல்லாம் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பெட்டி வேண்டாம்

முத்துப்பாண்டி அண்ணாச்சிக்குத் தாராவியில் பை தைக்கும் பட்டறை. ரெக்சின், ஜிப், பக்கிள் எல்லாம் கார்டில் வாங்குவார். வருஷக்கணக்கில் பாயிண்ட் குவிந்து கிடந்தது, அவருக்கே தெரியாது. மனைவி பேச்சியம்மாளையும் அழைத்துக்கொண்டு வந்து, வங்கியின் பரிசுப் பட்டியலில் இருந்த ஒரு வெளிநாட்டு சூட்கேஸைக் காட்டினார். மொத்தப் பாயிண்ட்டையும் கொடுத்து அதை வாங்க வேண்டுமாம். பை தைக்கிறவருக்குப் பெட்டி எதற்கு என்று கேட்டேன். பிரித்துப் போட்டுத் தையலைப் பார்ப்பதற்கு என்றார்.

நான் விளக்கினேன். பரிசுப் பொருளாக வாங்கினால் பாயிண்ட்டுக்கு மதிப்பே கிடையாது. அதையே விமானக் கம்பெனியின் மைலாக, அதாவது டிக்கெட்டுக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் பாயிண்ட்டாக, மாற்றினால் இரண்டு பேரும் வெளிநாடு போய் வரலாம். வரி மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும். அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். எங்கே போகலாம் என்று அந்த அம்மாள்தான் கேட்டார். மலேசியா போகலாம் என்றேன். பேச்சியம்மாளின் முகம் மாறிவிட்டது. பத்துமலை முருகனுக்கு எப்போதோ நேர்ந்துகொண்டது பாக்கியிருந்ததாம். வீட்டில்கூடச் சொன்னதில்லையாம், நடக்காத காரியம் என்று. அண்ணாச்சி இன்னும் சூட்கேஸ் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் மெதுவாகச் சொன்னார்:

"பெட்டிய இவுக தைச்சுக்கிடுவாக. என்னையத் தூக்கிக்கிட்டு பத்துமலைக்குப் பறக்க இவுகளால முடியாதுல்லா."

சுடலைமுத்து வருகிறார்

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். இதனால் நான் பட்ட பாட்டை ஒரு புத்தகமாகவே போடலாம். அண்ணாச்சியின் கார்டில் எஸ். முத்துப்பாண்டி. பாஸ்போர்ட்டில் முத்துப்பாண்டி சுடலைமுத்து. பாஸ்போர்ட்டில் உள்ளபடி மைல் கணக்கு தொடங்கினால், கார்டுக்காரரும் கணக்குக்காரரும் வேறு வேறு ஆள் என்று பாயிண்ட் திரும்பி வந்துவிட்டது. கார்டில் பெயரை மாற்றச் சொல்லி அண்ணாச்சி வங்கிக் கிளைக்கும் பட்டறைக்குமாக அலைந்தார். ஒவ்வொரு முறையும், எங்கப்பா பேரு எங்கப்பாவுக்கு, என் பேரு எனக்கு, இதில் இவர்களுக்கு என்ன கஷ்டம் என்று என்னிடம் கேட்பார். என் பாஸ்போர்ட்டிலும் அதே கதைதான்.

ஒரு வழியாகப் பெயர் மாறியது, மைல் ஏறியது, இருவரும் போய் வந்தார்கள். நேர்ச்சையை முடித்தாயிற்று என்று பேச்சியம்மாள் திருநீறு கொண்டுவந்து கொடுத்தார். நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அண்ணாச்சி ஊரைப் பற்றி அதிகம் பேசவில்லை. பெட்டிகள் சுற்றி வரும் பெல்ட் பக்கத்தில் நின்று, எந்த மூலை முதலில் பிய்கிறது என்று பார்த்திருக்கிறார். பிறகு, கோலாலம்பூரில் கிளம்பும்போது நடந்ததைச் சொன்னார். விமானம் ஏறும் கேட்டில் அவர் பெயரை மைக்கில் அழைத்திருக்கிறார்கள், கடைசிப் பெயரைச் சொல்லி. அவருடைய அப்பா தாராவித் தோல் கிடங்குகளில் சுமை தூக்கியவர். விமானத்தைத் தலைக்கு மேலே பார்த்ததோடு சரி.

"மிஸ்டர் சுடலைமுத்துன்னு கூப்பிட்டாவ மெர்சி. தோல் சொமந்த மனுசன். நான் எந்திரிச்சு, 'இந்தா வாறாரு'ன்னு சொல்லிக்கிட்டே போனேன்."

மாலத்தீவு, சஹார் வழியாக

தாணேயில் இருக்கும் பிரவீனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என்னை அக்கா என்று சொல்லாமல் இந்தியில் 'தீதி' என்றுதான் கூப்பிடுவான். கல்யாணம் முடிந்த கையோடு, ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, கார்டில் இருந்த பாயிண்ட் முழுவதையும் ஒரு ஹோட்டல் கம்பெனிக்கு மாற்றிவிட்டான். மாலத்தீவில் கடலுக்கு மேலே அறை என்று வீடியோவில் சொன்னார்களாம். மாற்றிய பிறகுதான் தேதியைப் பார்த்திருக்கிறான். அவன் லீவு எடுத்த நாளில் ஓர் அறைகூட இல்லை. எல்லாவற்றையும் வங்கிக்கே திருப்பிவிடுங்கள் என்று வந்து நின்றான். அன்பர்களே, இதை மட்டும் மறக்காதீர்கள்: ஒரு முறை மாற்றினால் பாயிண்ட் திரும்பாது. முதலில் சீட்டோ அறையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் கை வைக்க வேண்டும்.

அந்த ஹோட்டல் கம்பெனிக்கு எங்கெல்லாம் கிளை இருக்கிறது என்று தேடினேன். அவர்களுடைய தேதிக்கும் பாயிண்ட்டுக்கும் சரியாகக் கிடைத்தது சஹாரில், நம் விமான நிலையத்துக்கு எதிரே. தாணேயிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். தேனிலவுக்கு அங்கேயா என்று அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி திவ்யாதான் சரி என்றாள். இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து, விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்திருக்கிறார்கள். நடுவில் பிரவீனின் அம்மா சாப்பாட்டு டப்பா கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனாராம். என்னிடம் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். திவ்யா போன் செய்தாள்:

"பிளேனையும் பாத்தாச்சு, அத்தையோட மீன் குழம்பையும் சாப்டாச்சு தீதி. மாலத்தீவு எங்க போயிடப் போகுது."

மாட்டுங்கா மாமா

சங்கரநாராயணன் மாமா ரிட்டையரான ஆபீஸர். மாட்டுங்காவில் வீடு. பாயிண்ட் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது கிடையாது. எந்த விமானக் கம்பெனியின் மைலை வைத்து எந்தக் கம்பெனியின் விமானத்தில் ஏறலாம், எப்போது மாற்றினால் போனஸ் தருவார்கள் என்றெல்லாம் எனக்கே சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பேன். ஒரே ஒரு குறை, அவர் எங்கேயும் போனதில்லை. ஒவ்வொரு டிக்கெட்டையும் பார்த்து, பாயிண்ட்டுக்கு இந்த மதிப்பு போதாது, இன்னும் நல்லது வரும் என்று எழுந்து போய்விடுவார். அவர் காத்திருக்கும்போதே விமானக் கம்பெனி விலையை ஏற்றிவிடும். திரும்பவும் முதலிலிருந்து.

அவருடைய பெண் டொராண்டோவில் முழுகாமல் இருந்தாள். கார்த்திகையில் பிரசவம். மாமாவின் மனைவி லலிதா மாமி அதற்குள் போய்ச் சேர வேண்டும். ஒரு பங்கு பாயிண்ட்டை மாமா ஏற்கெனவே மைலாக மாற்றி வைத்திருந்தார். மீதி வங்கியிலேயே இருந்தது, நல்ல போனஸ் வரட்டும் என்று. மாமியே ஒரு நாள் கூட வந்தார். அன்றும் மாமாவுக்குத் திருப்தியில்லை. படியிறங்கும்போது மாமி என்னிடம் சொன்னார்:

"இவர் மதிப்புப் பாத்து முடிக்கறதுக்குள்ள பேரன் காலேஜ் போயிடுவான்."

மாப்பிள்ளை

ஆவணியில் ஒரு மழை. காட் மலைப்பாதையில் மண் சரிந்து, தெற்கே போகிற ரயில்களெல்லாம் ரத்து. ஆபீஸில் போன் ஓயவில்லை. அண்ணாச்சி நனைந்துகொண்டே வந்தார், கூட ஒரு பையன். பட்டறையில் ரெக்சின் வெட்டும் செல்வகுமார். மறுநாள் மாலை திருநெல்வேலியில் பெண்ணழைப்பு, அதற்கு அடுத்த காலை தாலி கட்டு. இவன்தான் மாப்பிள்ளை. வீட்டுக்காரர்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். ஒரு பெரிய ஆர்டரை முடித்துவிட்டு வருகிறேன் என்று இவன் தங்கியிருக்கிறான். தங்கச் சொன்னவர் அண்ணாச்சி. அதனால் அவனைவிட அவர்தான் அதிகம் கலங்கிப் போயிருந்தார். பஸ்ஸில் போனால் நேரத்துக்குச் சேருவது சந்தேகம். விமானத்தில் மதுரைக்கு விலை கேட்டதும் செல்வகுமார் தரையைப் பார்த்தான். அண்ணாச்சியின் பாயிண்ட்டோ பத்துமலையில் தீர்ந்துபோயிருந்தது.

அப்போது மாமா என் எதிர் நாற்காலியில்தான் இருந்தார், வழக்கம்போல டொராண்டோ விசாரணைக்கு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், என் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். அவருடைய மைல் கணக்கில் தேடினால், மறுநாள் காலை மதுரைக்கு ஒரே ஒரு சீட் காட்டியது. அவர் மைல் வைத்திருந்தது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில்; அங்கே நம்மூர் விமானத்துக்கும் மைல் விலை தூரத்துக்கு ஏற்ப முன்பே நிர்ணயித்தது. மழை பெய்தால் ஏறாது, கல்யாணம் என்றால் ஏறாது. மாமா மாமிக்குப் போன் செய்தார். டொராண்டோவுக்கு வைத்ததிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். மாமி என்ன சொன்னாரோ, போனை வைத்துவிட்டு, பையன் பேரை ஆதார் கார்டில் இருக்கிறபடி அடிம்மா என்றார்.

செல்வகுமார் அழுதுவிட்டான். அண்ணாச்சி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தீர்த்துவிடுவதாகச் சொன்னார். மாமா கையை விடுவித்துக்கொண்டு, விதிப்படி மைலை விற்கக்கூடாது, கொடுக்கத்தான் செய்யலாம், இதில் தன்னால் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். அவர்கள் போன பிறகு ஒரு காகிதத்தில் எதையோ போட்டுப் பார்த்தார். அன்றைய டிக்கெட் விலையை, செலவான மைலால் வகுத்துப் பார்த்திருக்கிறார். மனுஷர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"மெர்சி, ஒரு பாயிண்ட்டுக்கு இவ்வளவு மதிப்பு என் ஆயுசுல கெடைச்சதில்லை. நானா உக்காந்து தேடியிருந்தாக்கூட இது ஆப்டிருக்காது."

மாமியின் பயணம்

செல்வகுமார் நேரத்துக்குப் போய்த் தாலி கட்டினான். அண்ணாச்சி பஸ் மாறி பஸ் மாறி மறுவீட்டுச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆனால் எனக்கு உறக்கம் வரவில்லை. மாமியின் மைலில் விழுந்த குறையை எப்படி நிரப்புவது? நவராத்திரி சமயத்தில் வங்கி போனஸ் அறிவித்தது. அன்று மாமா மதிப்பு எதையும் பார்க்கவில்லை. சீட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். சாதாரண வகுப்பில் இல்லை. தேடித் தேடி, ஐரோப்பாவில் மாறிப் போகிற விமானத்தில், படுத்துக்கொண்டே போகிற பிசினஸ் வகுப்பில் ஒரு சீட் அகப்பட்டது. இருந்ததையெல்லாம் மாற்றி, போனஸையும் சேர்த்துத்தான் எட்டியது. மாமியை மட்டும் அனுப்பிவிட்டுத் தான் பிறகு போவதாக மாமா சொன்னார்.

கிளம்புவதற்கு முன் செல்வகுமாரும் அவன் மனைவியும் மாட்டுங்கா வீட்டுக்கு ஒரு சூட்கேஸோடு போனார்கள். பட்டறையில் தைத்தது, மூலைக்கு மூலை இரட்டைத் தையல். மைலுக்குப் பதிலாகப் பொருள் வாங்கினால் விதிமீறலாகுமா என்று மாமா எனக்குப் போன் செய்து கேட்டார். விதியில் சூட்கேஸைப் பற்றி ஒன்றும் இல்லை என்றேன். மாமி அதை எடுத்துக்கொண்டு போய், பிரசவத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே இறங்கினார். பேத்தி பிறந்தாள். மாமி அங்கிருந்து என்னைக் கூப்பிட்டு, குழந்தை அழுகிற சத்தத்தைப் போனில் கேட்கவைத்தார். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சொகமாப் படுத்துண்டுதான் போனேன். ஆனா சுத்திலும் தடுப்பு, பேச்சுத் துணைக்கு ஒரு மனுஷா கெடையாது. மாமாவுக்கும் சீக்கிரமே ஒரு சீட் போட்டுடு."

கணேசன் சார்

இந்தச் சீட்டுகளுக்கெல்லாம் எங்களுக்குக் கிடைப்பது ஒரு சிறிய கட்டணம் மட்டும். ஆபீஸ் வாடகைக்குக் காணாது. வருஷக் கடைசியில் கணேசன் சார் வரவு செலவைப் பார்க்க உட்கார்ந்தபோது, என் மேஜையை எடுத்துவிடுவார் என்றே நினைத்தேன். வேறு வேலை தேட வேண்டுமோ என்று குர்லாவில் வண்டி மாறும்போதெல்லாம் யோசித்தேன். அவர் வேறொன்றைக் கவனித்திருக்கிறார். மாமாவின் அடுக்ககத்திலிருந்து காசிக்கு ஒரு கூட்டம் எங்களிடம் டிக்கெட் போட்டிருந்தது. அண்ணாச்சி சொல்லித் தாராவியிலிருந்து ஊர்ப் பயணங்கள். திவ்யாவின் ஆபீஸிலிருந்து கோவாவுக்கு ஒரு படை. எல்லாம் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டுகள்.

சார் பாராட்டுகிற ஆள் இல்லை. கிரெடிட் கார்டும் வைத்திருக்கவில்லை; அவருக்கு அதில் நம்பிக்கை கிடையாது. என் மேஜைக்கு ஒரு புது நாற்காலி வரவழைத்து, அதைத் தானே உருட்டிக்கொண்டு வந்து போட்டார்.

"நீ பண்றது எனக்கு ஒண்ணும் புரியல மெர்சி. புரியாமலே இருக்கட்டும், நீ பண்ணு."

அதனால், என் பாயிண்ட்டுக்கு அதிகபட்சம் என்ன மதிப்பு கிடைக்கும் என்று யாராவது கேட்டால், டிக்கெட் யாருக்கு என்று முதலில் கேட்டுக்கொண்ட பிறகுதான் இப்போதெல்லாம் கம்ப்யூட்டரைத் தொடுகிறேன்.