வளையம் போடாத கோழி

இலுப்பூர்ச் சந்தையில் செவந்தி கூடையை இறக்கினால் நாலு பேராவது கூடிவிடுவார்கள். கோழி வாங்க ரெண்டு பேர், அவள் பேச்சைக் கேட்க ரெண்டு பேர். புருஷன் குழந்தைசாமி வானம் பார்த்த பூமியில் கடலை போடுவார். அது ஒரு வருசம் காய்க்கும், மறுவருசம் கையை விரிக்கும். அந்த வீட்டு அடுப்பில் பூனை தூங்காமல் பார்த்துக்கொண்டது கொல்லையில் மேய்ந்த கோழிகள்தான். எண்ணெய், மிளகாய், மகள் அழகிக்குப் பாவாடைத் துணி எல்லாமே அந்தக் கூடையிலிருந்து வந்தவை. அதனால் வீட்டில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

பஞ்சாயத்து யூனியன் ஆபீசெல்லாம் வந்த புதிது. மாட்டாஸ்பத்திரியிலிருந்து ஞானமணி என்கிற கம்பவுண்டர் சைக்கிளில் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வந்தார். கோழிகளுக்கு ரத்தம் சோதிக்கப் போகிறாராம். ஊர் சிரித்தது. மனுசனுக்கு ஒரு ஊசி போட ஆளில்லாத ஊரில் கோழிக்கு வந்த யோகத்தைப் பார் என்றார்கள்.

ஞானமணி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோழியின் இறக்கையை விரித்து, அடியில் ஓடும் நரம்பில் ஊசியால் ஒரு குத்து. கசிந்த ரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு, ஊதா நிற மருந்தைக் கலந்து, தட்டை இப்படியும் அப்படியும் சாய்ப்பார். கலவை ஒன்றுபோல ஓடினால் கோழிக்குக் குறையில்லை. காலில் ஒரு அலுமினிய வளையம் மாட்டுவார். திரிந்த பால்போலத் திப்பி திப்பியாக ஒதுங்கினால் அந்தக் கோழியை ஒழித்துவிட வேண்டும்.

"பாக்க வாட்டசாட்டமாத்தாம்மா இருக்கும். சீக்கு உள்ளுக்குள்ள இருக்கும். அது இடுற முட்டையோட குஞ்சுக்குப் போயிரும். பொரிச்ச குஞ்செல்லாம் வெள்ளையாக் கழிஞ்சு சாகும். விக்கிறதுக்கு முன்னாடி சோதிச்சிட்டா வாங்குறவங்களுக்கும் நல்லது, ஒங்களுக்கும் நல்லது."

கோழிகளைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றவள் செவந்திதான். நோயைப் பற்றிய கவலை பாதி. வளையம் பளபளவென்று இருந்தது, சந்தையில் எடுபடும் என்கிற கணக்கு மீதி.

ஆனால் எல்லாக் கோழியையும் அவள் கொண்டுவரவில்லை. செம்பட்டை நிறப் பெட்டை ஒன்று விறகுக் கொட்டகையில் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது, மேலே சாக்குப் போர்த்தியபடி. அது பிடாரி அம்மனுக்கு நேர்ந்துவிட்டது. அழகி அம்மை கண்டு கண் திறக்காமல் கிடந்தபோது அதன் காலில் மஞ்சள் துணி கட்டிச் செவந்தி வேண்டிக்கொண்டாள். ஆண்பிள்ளைக்குச் சேவல், பெண்பிள்ளைக்குப் பெட்டை என்பது அந்த ஊர் வழக்கம். அம்மன் சந்நிதிக்குப் போகும்வரை அதன் உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் சிந்தக்கூடாது. மழை பொய்த்துத் திருவிழா தள்ளித் தள்ளிப் போனதில், பெட்டை தின்று கொழுத்து முட்டையிட்டுக்கொண்டு திரிந்தது. ஆத்தாளுக்கு உரியதில் கம்பவுண்டர் ஊசியைக் குத்துவதா?

"அவ்வளவுதானாம்மா?" என்று கேட்டார் ஞானமணி.

"அவ்வளவுதாங்க."

அதே நேரம் பார்த்து, முட்டையிட்ட பெருமை தாங்காமல் கொட்டகைக்குள் பெட்டை கொக்கரித்தது.

"அது?"

"பக்கத்து வீட்டுக் கோழிங்க" என்றாள் செவந்தி, கண்ணைச் சிமிட்டாமல்.

அதற்கப்புறம் சந்தையில் அவள் கொடிதான் பறந்தது. "கம்பவுண்டர் கையால வளையம் போட்ட கோழி, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்பாள். அந்தப் பேச்சைக் கேட்டு வந்தவள்தான் ரமீஜா. பள்ளிவாசல் தெருப் பெண். புருஷன் பினாங்குக்குக் கப்பலேறினவன். முதலில் கடுதாசி வந்தது, பிறகு அதுவும் நின்றது. தன் தாய் சாரா உம்மாளின் வீட்டில்தான் இருந்தாள். யார் கையையும் எதிர்பார்க்காமல் நாலு கோழி வளர்த்துப் பிழைக்கலாம் என்று ஒரு யோசனை. கோழி ஒன்று அடைக்குப் படுத்திருக்கிறது, வைக்க நல்ல முட்டை வேண்டும் என்றாள்.

"சோதிச்ச கோழி முட்டைதானேக்கா?"

"சந்தேகமென்ன தாயி? அடுத்த சந்தைக்குக் கொண்டு வாரேன்."

சொன்னபடி எடுத்து வைக்கும்போது முட்டை குறைந்தது. செம்பட்டையின் முட்டையை அவள் விற்பதில்லை, வீட்டுக் குழம்புக்குத்தான். அன்றைக்கு அதிலிருந்து நாலைந்தை எடுத்துக் கூடையில் வைத்தாள். மனசு ஒரு தடவை சுருக்கென்றது. சாமி கோழிக்கு என்ன சீக்கு வந்துவிடப் போகிறது என்று அதை அடக்கினாள்.

குஞ்சு பொரிக்கும் காலம் கடந்தும் ரமீஜா சந்தைப்பக்கம் வரவில்லை. செவந்தி இருப்புக் கொள்ளாமல் வீடு தேடிப் போனாள். கொல்லையில் மிச்சமிருந்த குஞ்சுகள் கண்ணை மூடிக்கொண்டு, இறக்கையைத் தொங்கவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தன. பின்பக்கத்தில் சுண்ணாம்பு அப்பியதுபோல வெள்ளை காய்ந்து ஒட்டியிருந்தது. மற்றவற்றை முருங்கை மரத்தடியில் புதைத்தாயிற்று என்றாள் ரமீஜா. ஞானமணி சொன்னது அப்படியே செவந்தியின் கண்முன்னால் நின்றது.

"ஒங்க மேல ஒரு குத்தமும் இல்லக்கா" என்றாள் ரமீஜா. "நீங்க நல்ல முட்டைதான் குடுத்தீங்க. என் கை ராசி அப்படி. கட்டுனவரும் தங்கல, வளர்த்ததும் தங்கல. தெருவுலயும் அதைத்தான் பேசுறாக."

உள்ளே தூளியில் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டது. ரமீஜாவின் தங்கை நூர்நிஷா பெற்ற பிள்ளை அது, பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ரமீஜா எழுந்து ஓடினாள். தூளிக்கு ஓர் எட்டு முன்னால் நின்றுவிட்டாள்.

"உம்மா, புள்ளை அழுவுது!"

சாரா உம்மாள் அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து தூக்கினாள். திரும்பி வந்த ரமீஜா, கேட்காமலே காரணம் சொன்னாள். "நான் தொடுறதில்லக்கா. பச்சைப் புள்ளைல்ல? எதுக்கு வம்பு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயையும் திறந்தாள். கூடவே சந்தையும், கூடையும், தன்னைச் சுற்றி நிற்கும் கூட்டமும் நினைவுக்கு வந்தன. "வாரேன் தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. குழந்தைசாமியிடம் கொட்டினாள்.

"கம்முனு இரு. வாயைத் தெறந்தீன்னா ஒன் கூடையை ஒருத்தன் ஏறெடுத்துப் பாக்க மாட்டான்" என்றார் அவர்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து புருஷன் பேச்சைக் கேட்டறியாதவள், இந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டாள். கேட்டாளே ஒழிய நிம்மதி இல்லை. வளையம் போட்ட கோழி என்று சந்தையில் கூவ ஆரம்பித்துப் பாதியிலேயே நிறுத்திக்கொள்வாள். அழகியைத் தூக்கித் தலைவாரும்போதெல்லாம் தூளிக்கு ஓர் எட்டு முன்னால் நின்ற அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தது. நான் மனுசிதானா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினதோடு சரி.

அடுத்த மாதக் கடைசியில் ஞானமணியின் சைக்கிள் மறுபடி வந்தது. செவந்தி பிடாரி கோவிலுக்குப் போய்க் கற்பூரம் கொளுத்தினாள். "ஆத்தா, கோவத்தை என் மேல காட்டு, எம் புள்ளை மேல காட்டாதே" என்று விழுந்து கும்பிட்டாள். பிறகு செம்பட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினாள்.

தட்டில் ரத்தம் திப்பி திப்பியாக ஒதுங்கியது. ஞானமணி காலில் இருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக் கோழியா?"

அவள் குனிந்து அந்த மஞ்சள் துணியை அவிழ்த்தாள்.

"இதோட முட்டையை யாருக்காச்சும் அடைக்குக் குடுத்தியாம்மா?"

தலையாட்டினாள்.

"அப்ப போய்ச் சொல்லிரு. அந்த எடத்தையும் சுத்தம் பண்ணணும்" என்றார். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. கடிந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பெட்டையைக் கொன்று ஆழமாகப் புதைத்தார்கள். அன்றைக்கு வெயில் தாழ்ந்ததும், வளையம் போட்ட கோழி ஒன்றையும் அதன் குஞ்சுகளையும் கூடையில் எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் தெருவுக்கு நடந்தாள். விலை சொல்லாமல் குடுத்துவிட்டு வந்துவிடலாம், சொல்லாமலே கணக்கு நேராகிவிடும் என்று வழியெல்லாம் ஒரு சபலம் இருந்தது. வாசலில் கூடையை நீட்டியதும் ரமீஜா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என் கையில குடுக்காதீங்கக்கா. பாவம், சின்ன உசுரு."

அதற்குமேல் செவந்தியால் தாங்க முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நேர்ந்துவிட்ட கோழி, சாக்கு, பொய், கூடையில் வைத்த முட்டை. "என் கைதான் தாயி செஞ்சது. ஒன் கையில ஒரு குத்தமும் இல்ல" என்று முடித்தாள். ரமீஜா கத்துவாள், தெருவைக் கூட்டுவாள் என்று காத்திருந்தாள்.

ரமீஜா கூடையைத் தொடவில்லை, செவந்தியை உட்காரச் சொல்லவும் இல்லை. முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"புள்ளையை நாப்பதாம் நாள் குளிப்பாட்டுனப்பக்கூட நான் தள்ளித்தான் நின்னேன்" என்றாள்.

சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வரும்போது குழந்தை அவள் தோளில் இருந்தது. அதன் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தபடி இருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"எம்புட்டுக் கனமா இருக்கான் பாருங்கக்கா" என்றாள். "பொறந்தப்ப எம்புட்டு இருந்தான்னு எனக்குத் தெரியாமலே போச்சு."